பின் பிரேக் பேட் மாற்றும் முன் ஹேண்ட்பிரேக் எந்த வகை என்று பாருங்கள்

முன் சக்கரத்தில் பேட் மாற்றிப் பழகிய கைதான் பின் சக்கரத்தில் காலிப்பரை, அதாவது பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியை, கெடுக்கும். முன்னால், பேடைத் தள்ளும் பிஸ்டனுக்கு சி-கிளாம்ப் வைத்து இறுக்கினால், கனமான புது பேடுக்கு இடம் விட்டு நேராக உள்ளே போய்விடும். அதே கிளாம்ப்பைப் பின்னால் வைத்தால் பல கார்களில் பிஸ்டன் அசையாது. அசையவில்லையே என்று பலத்தைக் கூட்டினால் உள்ளே இருக்கும் திருகு அமைப்பு சேதமாகும். பேட் வாங்கப் போனவர் காலிப்பரும் சேர்த்து வாங்க வேண்டிவரும்.

காரணம் ஹேண்ட்பிரேக். முன் பிரேக்குக்கு ஒரே வேலை, ஓடும் வண்டியை நிறுத்துவது. பின் பிரேக் அதையும் செய்ய வேண்டும், நின்ற வண்டியைப் பிடித்து வைக்கவும் வேண்டும். அந்த இரண்டாவது வேலையை எப்படிச் செய்கிறது என்பதில், பின்னால் டிஸ்க் பிரேக் உள்ள கார்கள் மூன்று வகையாகப் பிரிகின்றன. ஜாக்கியை எடுப்பதற்கு முன்பே உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும்.

சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். காலிப்பரின் முதுகில் ஒரு சின்ன லீவரும், அதை இழுக்கும் கேபிளும், ஒரு ஸ்பிரிங்கும் தெரிந்தால் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். லீவருக்குப் பதில் வயர் சொருகிய ஒரு பிளாஸ்டிக் மோட்டார் இருந்தால் அது எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக். இரண்டும் இல்லாமல் கேபிள் டிஸ்க்குக்குப் பின்னால் போய் மறைந்தால், டிஸ்க்கின் நடுக் கிண்ணத்துக்குள் தனியாக ஒரு சின்ன டிரம் பிரேக் இருக்கிறது. அந்தக் கார்க்காரர்களுக்கு வேலை எளிது. பிஸ்டனை முன் சக்கரத்தைப் போலவே நேராக அமுக்கலாம், ஹேண்ட்பிரேக்கைத் தொடவே வேண்டாம்.

எலெக்ட்ரானிக் வகை வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மோட்டார் ஒரு திருகுத் தண்டைச் சுழற்றி, பிஸ்டனை உள்ளிருந்து தள்ளிப் பிடிக்கிறது. அந்தத் தண்டு பின்வாங்காமல் பிஸ்டனை வெளியிலிருந்து அமுக்கினால் மோட்டாரின் பல்சக்கரங்கள்தான் அடிவாங்கும். அதனால் முதலில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். சில கார்களில் பெடலையும் பட்டனையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் போதும், பல கார்களுக்கு, காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் தேவை. உங்கள் காருக்கான வழி சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கட்டும், பாதி வழியில் மின்சாரம் குறைந்து மோட்டார் நின்றால் தலைவலி. சர்வீஸ் நிலைக்குப் போனபின் இக்னிஷனை அணைத்து, சாவியைத் தூரமாக வையுங்கள். காலிப்பருக்குள் விரல் இருக்கும்போது யாராவது பார்க்கிங் பட்டனைத் தொட்டால் அந்த மோட்டாருக்கு விரல் என்று தெரியாது. சர்வீஸ் நிலைக்குப் போக வழி கிடைக்கவில்லை என்றால் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

இனி நான் விளக்கமாகச் சொல்லப்போவது முதல் வகை, கேபிளும் லீவரும் கொண்ட காலிப்பர். அதில்தான் கவனிக்க நிறைய இருக்கிறது.

வேண்டிய சாமான்கள்

பேட் பெட்டியோடு புது கிளிப்களும் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு அச்சுக்கு இரண்டு சக்கரம், நான்கு பேட். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கூடவே கூடாது, பிடிப்பு இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் வண்டி ஒருபக்கம் இழுக்கும். பிஸ்டன் திருகும் கருவி கட்டாயம். அதில் பல தட்டுகள் இருக்கும், உங்கள் பிஸ்டன் முகத்தில் உள்ள பள்ளங்களுக்குப் பொருந்துவதைப் போட்டுக்கொள்ள வேண்டும். மூக்குக் குறடால் திருகும் வேலையை நான் ஒப்புக்கொள்வதில்லை. வழுக்கினால் பிஸ்டனைச் சுற்றி மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும், கிழிந்த பூட் வழியே தண்ணீர் போய் பிஸ்டன் துருப்பிடிக்கும்.

அப்புறம் ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்ட், சக்கரத்துக்குக் கொடுக்கக் கட்டைகள், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், வயர் பிரஷ், பிரேக் கிளீனர், பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் அல்லது செராமிக் கிரீஸ். இந்தக் கிரீஸில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வீட்டில் இருக்கும் சாதாரணப் பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். உப்பிய ரப்பர், காலிப்பர் முன்பின் நகர உதவும் ஸ்லைடு பின்னை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

நான் கருவிப் பட்டறையில் வேலை பார்த்தவன். அதனால் கனத்தைத் துல்லியமாக அளக்கும் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் என் பக்கத்தில் இருந்தே தீரும். உங்களிடம் மைக்ரோமீட்டர் இல்லையென்றால் இரவல் வாங்கியாவது வையுங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

தூக்குவது

பின்பக்கம் தூக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. திருகு வகைக் காலிப்பரைக் கழற்ற ஹேண்ட்பிரேக் முழுதாக விடுபட்டிருக்க வேண்டும். அப்படியானால் வண்டியைப் பிடித்து வைப்பது எது? முன் சக்கர இழுவை வண்டியில் கியர் போட்டு வைத்தால் முன் சக்கரங்கள் ஓரளவு பிடிக்கும். பின் சக்கர இழுவை வண்டியில் பின் சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கும்போது கியரால் எந்தப் பயனும் இல்லை. எந்த வண்டியானாலும் இரண்டு முன் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னுமாகக் கட்டை கொடுங்கள். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்களை அரைச் சுற்று தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். தூக்கியதும் ஜாக் ஸ்டாண்ட், அதற்குப் பிறகுதான் சக்கரத்தைக் கழற்றுவது. கழற்றிய சக்கரத்தை வண்டியின் பக்கவாட்டுச் சட்டத்துக்குக் கீழே படுக்க வைத்துவிடுவேன், ஸ்டாண்ட் நழுவினாலும் அது தாங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தாதீர்கள்.

பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் அளவையும் இப்போதே பாருங்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்து, அந்த இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் அளவு இறங்கும். நடுவில் யாராவது மேலே ஊற்றி நிரப்பியிருந்தால், பிஸ்டனை உள்ளே அனுப்பும்போது வழியும். வழிந்தால் பெயின்ட் போய்விடும். மேல் கோட்டை ஒட்டி இருந்தால் சுத்தமான ஊசிக்குழலால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கழற்றுவது

ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். போன தடவை என் மருமகளின் காரில் வலது பக்கம் நான் செய்ய, அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். இடது பக்கத்தை அவளே செய்தாள். கிளிப் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சந்தேகம் வந்தபோது, முடித்த பக்கத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டிருந்தால் பார்க்க இடம் இருந்திருக்காது.

லீவரிலிருந்து கேபிள் நுனியை விடுவித்தால் காலிப்பரைத் தாராளமாக நகர்த்தலாம். சில கார்களில் கேபிளைக் கழற்றாமலேயே இடம் கிடைக்கும். காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்களும் ஸ்லைடு பின்னுக்குள் ஏறியவை. போல்ட்டைத் திருப்பும்போது பின்னும் கூடவே சுற்றும், அதோடு ரப்பர் பூட்டும் முறுக்கிக்கொள்ளும். அதனால் பின்னின் தலையை ஒல்லியான ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு போல்ட்டைக் கழற்றுங்கள். சில தயாரிப்பாளர்கள் இந்தப் போல்ட்டை ஒருமுறை கழற்றினால் புதிது போடச் சொல்கிறார்கள். உங்கள் மேனுவல் அப்படிச் சொன்னால் பேட் வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள்.

கழன்ற காலிப்பரை, பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்க விடாதீர்கள். கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள், காலிப்பர் வெளியே இருக்கும்வரை பிரேக் பெடலை யாரும் தொடக் கூடாது. தொட்டால் பிஸ்டன் வெளியே வந்து விழும்.

பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதவும் கூடாது, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டவும் கூடாது. பிரேக் கிளீனர் அடித்து ஈரமாகத் துடைத்து எடுங்கள், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். நுரையீரலுக்குள் போக வேண்டிய பொருள் இல்லை அது.

பழைய பேடை அளப்பது

பெரும்பாலானவர்கள் பழைய பேடைக் கழற்றியதும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. “மாமா, தேஞ்சு போனதை எதுக்கு அளக்குறீங்க?” என்று மருமகளும் கேட்டாள். உங்கள் பிரேக்கின் உடல்நிலை முழுவதும் அந்த நான்கு துண்டுகளில்தான் எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றின் இரண்டு நுனியிலும் வெர்னியர் வைத்து, உராய்வுப் பொருளின் கனத்தை மட்டும், இரும்புத் தகட்டைச் சேர்க்காமல், தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம்.

உள் பேட் வெளி பேடைவிட நன்றாகத் தேய்ந்திருந்தால் முதல் சந்தேகம் பிஸ்டன் மீது, அடுத்தது ஹேண்ட்பிரேக் மீது. பெடலை விட்ட பிறகும் பிஸ்டன் பின்வாங்காமல் உள் பேடை டிஸ்க்கில் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. வெளி பேட் அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் திரும்பி நகரவில்லை, ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. ஒரே பேடில் ஒரு நுனி கனமாகவும் மறுநுனி மெல்லிசாகவும் சரிந்திருந்தால் இரண்டு பின்களில் ஒன்று மட்டும் இறுகியிருக்கும், அல்லது பேடின் இரண்டு நுனியிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காது உட்காரும் இடம் துருவேறி அடைத்திருக்கும். ஒரு சக்கரத்தின் இரண்டு பேடும் மற்ற சக்கரத்தைவிட வேகமாகத் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கத்துக் கேபிள் உறைக்குள் சிக்கியிருக்கலாம், ஹோஸின் உள்சுவர் உப்பி ஆயிலைத் திரும்ப விடாமல் தடுத்திருக்கலாம். பேடில் ஆயில் ஊறியிருந்தால் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் புது பேடைப் போடவே கூடாது.

காரணத்தைச் சரிசெய்யாமல் புது பேட் போட்டால் அதுவும் அதே மாதிரிதான் தேயும்.

டிஸ்க்கின் விளிம்பிலோ கிண்ணத்திலோ குறைந்தபட்சக் கனம் பொறித்திருப்பார்கள். பின் டிஸ்க் பெரும்பாலும் காற்றோட்டத் துளை இல்லாத ஒற்றைத் தகடு, புதிதாக இருக்கும்போதே மெல்லிசு. பல கார்களில் அது தேய அனுமதித்திருப்பதே 2 மி.மீ. அளவுக்குள்தான், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வெர்னியரும் இங்கே ஏமாற்றும். டிஸ்க்கின் ஓரத்தில் தேயாமல் நிற்கும் வரம்பில் அதன் தாடை உட்கார்ந்துகொண்டு கனத்தைக் கூட்டிக் காட்டும். மைக்ரோமீட்டரின் முனையை வரம்பைத் தாண்டி உள்ளே கொண்டுபோய், சுற்றிலும் நான்கைந்து இடத்தில் அளங்கள். எந்த இடமாவது குறைந்தபட்சத்தைத் தொட்டிருந்தால் இரண்டு பக்க டிஸ்க்கும் மாற்ற வேண்டும். புது டிஸ்க் போடும்போது அது உட்காரும் ஹப் முகத்தின் துருவைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். துரு நடுவில் மாட்டினால் டிஸ்க் கோணி ஓடும்.

பின்னும் காதும்

ஸ்லைடு பின்களை உருவி, பழைய கிரீஸைத் துணியால் துடைத்து, பள்ளமோ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள். மேல் பின்னும் கீழ் பின்னும் ஒன்றுபோல் தெரிந்தாலும் சில கார்களில் ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும். இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். கிரீஸ் மெல்லிய பூச்சு போதும். துளை நிறையக் கிரீஸை அடைத்தால் பின் உள்ளே போகும்போது காற்று வெளியேற வழியின்றி, எதிர்த்துத் தள்ளும். சரியாக இருக்கும் பின் விரலால் தள்ளினாலே வழுவழுவென்று போய்வரும்.

கேரியரில், அதாவது பேடையும் காலிப்பரையும் தாங்கும் இரும்புச் சட்டத்தில், பேடின் காது உட்காரும் இடத்தில் உள்ள கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். அதற்கு அடியில் துரு வளர்ந்து கிளிப்பை மேலே தூக்கியிருக்கும். அந்தத் துருவை அரத்தாலும் வயர் பிரஷ்ஷாலும் வெற்று இரும்பு தெரியும்வரை எடுத்துவிட்டுப் புது கிளிப்பைப் போடுங்கள். பேட் கையால் தள்ளினால் போய்வர வேண்டும். சுத்தியலால் தட்டித்தான் உள்ளே போகிறது என்றால் இன்னும் துரு இருக்கிறது.

பிஸ்டனைத் திருகுவது

இந்தக் காலிப்பருக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் கை தானாக மென்மையாகிவிடும். பேட் தேயும் அளவுக்கு பிஸ்டன் வெளியே வரும்போது, உள்ளே இருக்கும் நட்டும் தண்டும் தாமாகச் சுற்றி அதைத் தொடர்ந்து வரும். அப்படி வருவதால்தான் பேட் தேய்ந்த பிறகும் ஹேண்ட்பிரேக் அதே உயரத்தில் பிடிக்கிறது. அந்த மரை முன்னே வந்தவழியே திரும்பிப் போனால்தான் பிஸ்டன் உள்ளே போகும்.

பூட்டின் உதட்டில் பிரேக் கிரீஸைத் துளி தடவுங்கள், பிஸ்டனோடு சேர்ந்து பூட் முறுக்காமல் இருக்கும். கருவியைப் பொருத்தி, லேசாக அழுத்தியபடியே திருப்புங்கள். பெரும்பாலான கார்களில் வலமாகத் திருப்பினால் உள்ளே போகும். சில கார்களில் ஒரு பக்கக் காலிப்பருக்கு இடமரை இருக்கும். திருப்பத் திருப்ப பிஸ்டன் வெளியே வருகிறது என்றால் உடனே நிறுத்தித் திசையை மாற்றுங்கள். அவசரப்படாமல் கால் சுற்று கால் சுற்றாகப் போனால் ஆயில் நிதானமாகத் திரும்பி ஏறும். நடுவில் ஒருமுறை எழுந்துபோய் டப்பாவைப் பார்த்துவிடுங்கள். நல்ல பிஸ்டன் ஒரே இறுக்கத்தோடு சுற்றும். ஓரிடத்தில் மட்டும் சிக்கிச் சிக்கிப் போனால் உள்ளே துரு.

உள்ளே போய்விட்டதென்று விட்டுவிடாதீர்கள். பல கார்களில் உள் பேடின் முதுகில் ஒரு சின்ன முளை இருக்கும். பிஸ்டன் முகத்துப் பள்ளம் சரியாக அந்த முளைக்கு நேராக வந்து நிற்க வேண்டும். பிஸ்டன் சுற்றாமல் பிடித்துக்கொள்வது அந்த முளைதான், பிடித்தால்தான் தேய்மானத்தைத் தொடர்ந்து வரும் அந்தத் தானியங்கி அமைப்பு வேலை செய்யும். முளை பள்ளத்தில் விழாமல் மேட்டில் உட்கார்ந்தால் பேட் சரிந்து நிற்கும், ஹேண்ட்பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. கழற்றும்போதே பள்ளம் எந்தக் கோணத்தில் நின்றது என்று போனில் படம் எடுத்துவைத்துக்கொண்டால் இங்கே கைகொடுக்கும்.

பேடின் காதிலும், காலிப்பர் தொடும் முதுகிலும் மட்டும் கிரீஸ் படலம். உராய்வு முகத்தில் கைரேகைகூட வேண்டாம். சத்தம் எழுப்பித் தேய்மானம் சொல்லும் நாக்கு உள்ள பேட் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் போக வேண்டும். போல்ட்களைக் கையால் ஏற்றிவிட்டு டார்க் ரெஞ்ச் எடுங்கள். பொதுவாக ஸ்லைடு பின் போல்ட்கள் 25 முதல் 35 நியூட்டன் மீட்டர் வரையிலும், கேரியரைக் கழற்றியிருந்தால் அதன் போல்ட்கள் 60 முதல் 110 வரையிலும் இருக்கும். ஆனால் உங்கள் காரின் மேனுவலில் உள்ள எண்தான் கணக்கு. ஸ்லைடு பின்னின் போல்ட்டில் பலம் காட்டுகிறவர்கள் அதை முறித்துவிட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெடல் முதலில், ஹேண்ட்பிரேக் பிறகு

இரண்டு பக்கமும் முடிந்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடலை மெதுவாக முழுநீளத்துக்கு அழுத்தி விடுங்கள். முதல் சில அழுத்தலுக்குப் பெடல் தரைவரை போகும். பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை. கெட்டியாகும்வரை அழுத்துங்கள். இதைச் செய்யாமல் வண்டியை எடுத்தால் முதல் பிரேக்கில் வண்டி நிற்காது.

பெடல் கெட்டியான பிறகுதான் கேபிளை மாட்டி ஹேண்ட்பிரேக்கை இழுக்க வேண்டும். பத்துப் பதினைந்து முறை இழுத்து விட்டால் பிடிப்பு தன் இடத்துக்கு வரும். ஹேண்ட்பிரேக்கை முழுதாக விட்ட நிலையில் காலிப்பரின் லீவர் அதன் நிறுத்தத்தைத் தொட்டு நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். உள்ளே ஹேண்ட்பிரேக் கைப்பிடி கொஞ்சம் உயரமாக வருகிறதே என்று பலர் கேபிள் நட்டைத்தான் முதலில் இறுக்குகிறார்கள். கேபிள் மிகையாக இறுகினால் காலிப்பர் லீவர் நிறுத்தத்துக்குத் திரும்பாது, தானியங்கி அமைப்பு நின்றுவிடும், பேட் எந்நேரமும் உரசிச் சூடாகும். கேபிளைத் தொடுவது கடைசி வேலை. எலெக்ட்ரானிக் வகையாக இருந்தால் இந்த இடத்தில் சர்வீஸ் நிலையிலிருந்து வெளியேறி, அமைப்பு தன்னைத் தானே சரிபார்க்க விடுங்கள்.

பிரேக் ஆயில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் இருக்கட்டும். மேனுவலும் டப்பா மூடியும் சொல்லும் வகையை மட்டும் ஊற்றுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். வருஷக்கணக்காகத் திறந்துகிடந்த பாட்டிலிலிருந்து மிச்சத்தை ஊற்றாதீர்கள். மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் முழுதாக மாற்றத் திட்டமிடுங்கள்.

போக்குவரத்தில்லாத சாலையில் சுமார் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறையுங்கள். இடையில் ஆற விட்டு, பத்து முறை போல. முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்தியபடியே நிற்க வேண்டாம், சூடான பேட் அந்த இடத்தில் டிஸ்க்கில் படிந்துவிடும். பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பின் பேடுக்கு வேலை குறைவு, டிஸ்க்கோடு பழக அதிக நாளாகும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குக் கடுமையான பிரேக்கைத் தவிருங்கள். லேசான வாடை வந்தால் பயப்பட வேண்டாம், பேடில் உள்ள பிசின் சூடேறும் வாடை அது.

திரும்பி வந்ததும் இரண்டு பின் சக்கரங்களுக்கு அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள், தொடாதீர்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கம் மட்டும் நன்றாகச் சூடாக இருந்தால், ஆறிய பிறகு அந்தப் பக்கத்தைத் தூக்கி, ஹேண்ட்பிரேக்கை விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசான உரசல் இருக்கலாம், இறுக்கம் கூடாது. இறுகினால் முதலில் காலிப்பர் லீவரைப் பாருங்கள். அது நிறுத்தத்தைத் தொடவில்லை என்றால் குறை கேபிளில். தொட்டும் இறுகினால் ஸ்லைடு பின்னை மறுபடி உருவிப் பார்க்க வேண்டும், பின் சரியாக இருந்தால் மிச்சம் பிஸ்டன்தான். சுமார் 100 கி.மீ. ஓடியபின் வீல் நட்களை டார்க் ரெஞ்சால் மீண்டும் சரிபாருங்கள்.